ஃபயர்வாலை அணைக்கலாமா? – கடிதம்

ஐயா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளியூரில் இருக்கும் பேத்தியைப் பார்த்துப் பேச மகன் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தான். சென்ற வாரம் வீடியோவில் பேசுவதற்கான ஒரு புரோகிராமைப் போட்டதும், ‘விண்டோஸ் ஃபயர்வால் இந்த ஆப்பின் சில வசதிகளைத் தடுத்திருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. பயந்துபோய் கேன்சல் கொடுத்துவிட்டேன். மகனிடம் கேட்டால், “அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிடு” என்கிறான். செய்யலாமா? தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆஃப் பண்ணாதீர்கள். ஃபயர்வால் என்பது நெட் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் யார் வரலாம் என்று பார்க்கும் காவல்காரன். ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம், விண்டோஸோடு வருவதே உங்களுக்குப் போதும்.

உங்கள் மகன் சொன்னதை இப்போது பல வீடுகளில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியபோது நான் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கம்ப்யூட்டர் அணையப்போகிறது, வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அறுபதிலிருந்து நொடிகள் இறங்கின. பக்கத்தில் ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். அவருடையதும் அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அதே பெட்டி. “கண்டதையும் கிளிக் பண்ணியிருப்பீங்க” என்று கடைக்காரர் அந்தப் பெண்ணைத் திட்டினார். பாவம், அவர் எதையும் கிளிக் செய்யவில்லை. செய்யத் தேவையும் இல்லை. நெட்டில் இருந்தாலே போதும், 135ஆம் எண் போர்ட், அதாவது கம்ப்யூட்டரின் ஒரு நெட் வாசல் வழியாக, அது தானாகவே உள்ளே வந்துவிடும்.

எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்று உண்டு. அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் இருந்தது, ஆனால் ஆஃப் செய்த நிலையில்தான் விற்றார்கள். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்தான் அதைத் தானாகவே ஆன் ஆக வைத்தது. இவ்வளவு பட்டபின் ஆன் செய்து கொடுத்த ஒன்றை, அம்மாவுக்கு விளக்கச் சோம்பல்பட்டு அணைக்கச் சொல்வதா?

உங்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நாலு வரிப் பெட்டியை வாசிக்காமல் மூடலாமா? அதில் புரோகிராமின் பெயர், தயாரித்த நிறுவனம், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மூன்று விவரங்கள் இருக்கும். மூன்றையும் நிதானமாகப் படியுங்கள். நீங்களே சற்றுமுன் போட்ட புரோகிராம், தெரிந்த நிறுவனம் என்றால் அனுமதிக்கலாம். நிறுவனத்தின் பெயரே இல்லை, தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது, நீங்கள் எதையும் போடவும் இல்லை என்றால் கேன்சல். பயந்த நேரத்தில் நீங்கள் செய்ததில் தவறில்லை, கேன்சலால் எதுவும் கெட்டுப்போகாது. ஃபயர்வால் வழக்கமாக வெளியே போகிறவர்களை நிறுத்துவதில்லை, வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்களைத்தான் யாரென்று கேட்கும். அதனால் கேன்சல் கொடுத்த பிறகும் பல புரோகிராம்கள் பாட்டுக்கு ஓடும்.

அதே பெட்டியில் பிரைவேட், பப்ளிக் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வீட்டு வைஃபையை செட்டிங்ஸில் பிரைவேட் என்று வைத்துக்கொண்டு, அதில் மட்டும் டிக் செய்யுங்கள். பப்ளிக் என்பது ஹோட்டல், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு.

நீங்கள் நிஜமாகவே பயப்பட வேண்டிய பெட்டி வேறு. பிரவுசரில் திரை முழுக்க விரிந்து, சத்தம் போட்டு, ‘ஃபயர்வால் எச்சரிக்கை, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று வரும். போன் நம்பர் இருந்தால் அது பொய், சந்தேகமே வேண்டாம். விண்டோஸின் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். கூப்பிட்டால், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற புரோகிராமைப் போடச் சொல்லி உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுவார்கள். யாராவது ஏமாந்து பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நீங்கள் மூடிய பெட்டி பெரும்பாலும் திரும்ப வராது. பேச்சில் தடங்கல் இருந்தால், ஃபயர்வால் செட்டிங்ஸில் அனுமதித்த ஆப்களின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தப் பெயரைத் தேடி டிக் செய்யுங்கள். மகன் அடுத்த முறை கூப்பிடும்போது இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கோபப்பட்ட இடத்தையும் சேர்த்து.