கடைசிப் பக்கத்துப் பென்சில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து வயதிலிருந்து ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று படித்து வளர்ந்தவன் நான். இப்போது எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் இருக்கிறேன். போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் பரணில் பாக்கெட் நாவல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரித்தார். நான் இலக்கியத்துக்கு ஏறிவந்த படிக்கட்டுகள் என்று சொல்லிச் சமாளித்தேன். சுஜாதாவை மட்டுமாவது இலக்கியத்தில் சேர்க்கலாமா? பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடட்டுமா?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

சுஜாதா விவகாரத்தை விடுங்கள். அவர் இறந்தது 2008-ல். இன்னும் அவரை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு உள்ளே விடலாமா வேண்டாமா என்று பேசுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. உங்கள் நண்பர் சிரித்ததையும் விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வந்தது உங்கள்மேல்தான். படிக்கட்டாம்! மிதித்து ஏறிவந்துவிட்டு இப்போது அதற்கு நன்றி வேறு சொல்கிறீர்கள்.

என் பெரியம்மா முப்பது வருஷம் மாத நாவல் படித்தார். எங்கேயும் ஏறவில்லை. தறிக்குத் தார் சுற்றுகிற வேலை அவருக்கு, அதாவது நெசவு நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுவது. ஒரு கை ராட்டையில், ஒரு கை நூலில், புத்தகம் தரையில் விரித்துக் கிடக்கும், மேலே பாரத்துக்கு ஒரு நூல்கண்டு. ஒரு தார் நிறைந்து அடுத்த குச்சியை மாட்டுகிற இடைவெளியில்தான் பக்கம் திருப்புவார். கதை எவ்வளவு விறுவிறுப்பான இடத்தில் நின்றாலும் தார் நிறையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

புத்தகம் வாடகை நூல்நிலையத்திலிருந்து வரும், ஒரு நாளைக்கு 25 காசு. திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னால் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதிவிடுவார். "டாக்டர்தான் கொன்னான்னு 30ஆம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு." "நல்லா போச்சு, அவசரமா முடிச்சிட்டார்." ஒன்றில் வெறுமனே "பொய்" என்று மட்டும் இருந்தது. கடைக்காரர் புத்தகத்தைக் கெடுக்கிறாயா என்று என்னைப் பிடித்துத் திட்டுவார், பெரியம்மா நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் அவர் எழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து பதில் சொல்ல ஆரம்பித்தது. "எனக்கு 50லதான் தெரிஞ்சுது." அது யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை மாற்றி மாற்றி அத்தியாயம் போட்டு ஓட்டிக் கடைசியில் ஒன்றாக முடிச்சுப் போடுவாரே, அந்த முடிச்சு எந்த நாவலில் தானாக விழுந்தது, எதில் இழுத்துப் பிடித்துக் கட்டியது என்று பெரியம்மா பிரித்துச் சொல்லிவிடுவார். 1,500-க்கு மேல் எழுதிய மனிதரிடம் இரண்டும் இருக்கத்தானே செய்யும்? எல்லாமே குப்பை என்று சொல்கிற விமர்சகருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் படித்திருக்க மாட்டார். எல்லாமே பொக்கிஷம் என்று புதிதாகக் கிளம்பியிருக்கிறவர்களுக்கும் தெரியாது. 2008-ல் பிளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட பிறகு நம் ஆட்கள் சிலருக்குத் திடீரென்று ருசி வந்தது. ஆங்கிலத்தில் வந்தால் பலாப்பழம்கூட முள் இல்லாமல்தான் வரும்போல.

அப்படித் திருந்தியவர்களும் துப்பறியும் கதைக்கு மட்டும்தான் மன்னிப்புக் கொடுக்கிறார்கள், கவனித்தீர்களா? ரமணிசந்திரன் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். ஆண்கள் ரயிலில் படித்த கொலைக்கதை சுவாரசியம், பெண்கள் அடுப்படியில் படித்த காதல் கதை அசடு. நீங்களும் உங்கள் பட்டியலில் மூன்று பேரைச் சொன்னீர்கள், அவரைச் சொல்லவில்லை. பெட்டியில் ஒன்றுகூடவா இல்லை? உங்கள் வீட்டில் அம்மா, அக்கா யாரும் படிக்கவில்லையா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, பெட்டி. கோட்டையூர் ரோஜா முத்தையா நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார். அதனால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. நீங்கள் ஒரு பெட்டியை வைத்துக்கொள்ள முடியாதா? மழைக்கு முன்னால் இறக்கி, நிழலில் காற்றாட விரித்துவையுங்கள், நேர் வெயில் வேண்டாம், அந்தத் தாள் பொரிந்துவிடும். விரிக்கும்போது கடைசிப் பக்கங்களையும் ஒரு பார்வை பாருங்கள்.