சென்னையா, சிங்கப்பூரா, ஹன்வெல்லயா? முதலில் மகளின் உயரத்தை அளந்து பாருங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 13 வயது, மகளுக்கு 7. எங்களோடு 68 வயது அம்மாவும் வருவா. ஆகஸ்ட் லீவில் ஐந்து நாள் எடுக்கலாம். மகன் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இவர் சென்னையில் புதிதாக வந்த வொண்டர்லா போதும் என்கிறார். அக்கா, பாஸ்போட் அலைச்சல் எதற்கு, ஹன்வெல்ல லெஷர் வேர்ல்டுக்குப் போய் வாருங்கள் என்கிறா. எது காசுக்குப் பெறுமதி?"

இந்த முறை சென்னைக்குப் போங்கள். சிங்கப்பூரைக் கைவிடச் சொல்லவில்லை, இரண்டு மூன்று வருடம் தள்ளி வையுங்கள் என்கிறேன். அதற்குக் காரணம் உங்கள் மகளின் உயரம்.

யாழ்ப்பாணத்தில் குடும்பங்களுக்குப் பயண ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். ஆனாலும் இந்தப் பாடத்தை என் சொந்த மகளிடம்தான் படித்தேன். அவள் சின்னவளாக இருந்தபோது வெளிநாட்டுப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப் போயிருந்தோம். ஒரு ரைட்டுக்கு ஐம்பது நிமிடம் வெயிலில் வரிசையில் நின்றோம். கிட்டப் போனதும் ஊழியர் அளவுகோலைக் காட்டினார். 3 சென்ரிமீற்றர் காணாது. பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. அன்றிலிருந்து, யார் வந்து கேட்டாலும் ரிக்கெற் விலையைச் சொல்வதற்கு முன் பிள்ளைகளின் உயரத்தைக் கேட்பேன்.

இந்த உயர எல்லை பயந்த பிள்ளைகளுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ரோலர் கோஸ்டரில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது மடியில் அழுத்தி நிற்கும் கம்பி; சில ரைட்டுகளில் தோளுக்கு மேலால் இறங்கும் பூட்டு. ஒரு குறிப்பிட்ட அளவு உடம்புக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். வண்டி மேட்டில் ஏறிச் சட்டென்று கீழே இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் சின்ன உடம்பு கம்பிக்குக் கீழால் வழுக்கிவிட இடமிருக்கிறது. அதனால் "என் பிள்ளை பயப்பட மாட்டாள்" என்று வாசலில் நின்று கேட்டுப் பயனில்லை. விடாத ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். யூனிவர்சல் ஸ்டூடியோஸில் மகன் ஆசைப்படுகிற பெரிய ரைட்டுகள் இரண்டு. மம்மிக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும், பற்றில்ஸ்ரார் கலாக்டிகாவுக்கு 125. ஏழு வயதுப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 120ஐ ஒட்டித்தான் நிற்பார்கள். டிரான்ஸ்போமர்ஸுக்கு 102 போதும், அதில் பெரியவரோடு ஏறலாம். 2025இல் திறந்த மினியன் லாண்டும் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அண்ணன் கலாக்டிகாவில் பறக்கும்போது தங்கச்சி கீழே நின்று பார்க்க வேண்டி வரும். கூட ஒரு பெரியவரும் நிற்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு நேரம். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம், அங்கிருந்து விமானத்தில் நான்கு மணித்தியாலம். திரும்பவும் அதே பாடு. ஐந்து நாளில் இரண்டு நாள் வழியிலேயே கரைந்துவிடும். 68 வயது அம்மாவின் முழங்காலுக்கும் அது நல்லதில்லை. சிங்கப்பூருக்கு நம் பாஸ்போட்டில் 30 நாளுக்கு விசா தேவையில்லை என்பது உண்மையில் பெரிய வசதிதான், வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பினால் போதும். அங்குள்ள ரைட்டுகளின் அழகு அவை சொல்லும் கதையில் இருக்கிறது, பல கூரைக்குக் கீழே என்பதால் மழை பெரிதாகக் குழப்பாது. ஆனால் அந்தக் கதைகளை ரசிக்கிற வயது உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வரும். அப்போது உயரமும் தடையாக இருக்காது. மகனிடம் இதை நேராகச் சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளைக்குக் காரணம் விளங்கும்.

வொண்டர்லாவுக்கு வருவோம். 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. பிறகு பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர் என்று விரிந்து, 2025 டிசம்பரில் சென்னையில் திறந்தார்கள். இடம் திருப்போரூர் பக்கம், பழைய மகாபலிபுரம் வீதியில். 60 ஏக்கருக்கு மேல் பரப்பு. தரை ரைட்டும் தண்ணீர் ரைட்டும் ஒரே ரிக்கெற்றில் அடங்கும், அதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய லாபம். மகனுக்கு அங்கே தஞ்சோரா இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே போக, கால்கள் அந்தரத்தில் தொங்க ஓடுகிற வகை ரோலர் கோஸ்டர். சுவிஸ் நிறுவனமான பொலிகர் அன்ட் மபிலார்ட் செய்தது. இந்தியாவில் இந்த வகையில் அவர்கள் செய்த முதலாவது இதுதான். இதில் ஏறினால் சிங்கப்பூர்க் கவலை கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

வொண்டர்லாவில் ரிக்கெற்றும் உயரத்தைப் பார்த்துத்தான். 85 சென்ரிமீற்றருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை சிறுவர் ரிக்கெற், அதற்கு மேலே பெரியவர் ரிக்கெற். சிங்கப்பூரிலோ வயதுதான் கணக்கு. 4 முதல் 12 வரை சிறுவர், அதனால் உங்கள் மகன் அங்கே முழு ரிக்கெற் ஆள். வொண்டர்லாவின் வேகமான ரைட்டுகளுக்கும் 140தான் வழமையான எல்லை. மகன் தாண்டியிருப்பான், என்றாலும் செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தி ஒருக்கா அளவுங்கள். மகளுக்கு அந்த வேகமான ரைட்டுகள் கிடையாது. ஆனால் தண்ணீர் விளையாட்டு, அலைக் குளம், சிறுவர் ரைட்டுகள் என்று அவளுக்கும் ஒரு நாள் நிறையும். சிங்கப்பூருக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான். இரண்டு இடத்திலும் அவள் சில ரைட்டுகளை இழப்பாள், ஆனால் தண்ணீருக்குள் இறங்கினால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இழந்தது எதுவும் நினைவிருக்காது.

வரிசை நேரத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 24 பேர் ஏறும் வண்டி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால் மணித்தியாலத்துக்கு 480 பேர். உங்களுக்கு முன்னால் 240 பேர் நின்றால் அரை மணித்தியாலம். அதனால் வாசல் திறக்கும்போதே உள்ளே போய், மகனை முதல் வேலையாகத் தஞ்சோராவுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் வாசலுக்குக் கிட்ட இருக்கிற ரைட்டுகளில் கூடுவார்கள். மத்தியான வெயிலில் தண்ணீர், பின்னேரம் திரும்பவும் தரை ரைட். கூடுதல் காசு கொடுத்து விரைவு வரிசை எடுக்கலாமா என்றால், கிழமை நாளில் போனால் தேவைப்படாது. செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் நடக்கும், அது நமக்கு நல்ல காலம். ஓகஸ்ட் 15ஐயும் அதை ஒட்டி வரும் சனி ஞாயிறையும் கட்டாயம் தவிருங்கள். இதே பயணத்தை டிசம்பர் லீவில் கேட்டிருந்தால் வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி வேண்டாம் என்றிருப்பேன்.

பயணம் சுலபம். பலாலியில் இருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான். 80 பேருக்கும் குறைவாக ஏறும் சிறிய விமானம் என்பதால் இருக்கை கெதியாக முடியும். அதிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் போக்குவரத்து கூட. அம்மாவிடம் கேட்காமல் திகதி குறிக்காதீர்கள். கொடியேறிய பிறகு, தேரும் தீர்த்தமும் முடியாமல் ஊரை விட்டு வெளிக்கிட அவவுக்கு மனம் வராது. இந்தியாவுக்கு ஈ-விசா இணையத்திலேயே எடுக்கலாம், ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கும் வேண்டும். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வேளாங்கண்ணி, சிதம்பரம் போகிறவர்களுக்கு அது அருமை. சென்னைப் பூங்காவுக்கு என்றால் நாகையில் இறங்கிய பிறகும் 250 கிலோமீற்றர் அளவு இருக்கிறது.

இனி நம் ஆட்கள் வழமையாக விடும் பிழை. சென்னை என்றால் தி. நகரில் அறை எடுப்பது. உடுப்பு வாங்க அது சரி. ஆனால் அங்கிருந்து திருப்போரூருக்கு 40 கிலோமீற்றர் அளவு, காலை நெரிசலில் பிள்ளைகள் வாகனத்திலேயே களைத்துவிடுவார்கள். முதல் இரண்டு இரவும் கோவளம் அல்லது மாமல்லபுரம் பக்கம் தங்குங்கள். பிறகு தி. நகருக்கு மாறுங்கள். இறங்கிய அன்று பின்னேரம் திருப்போரூர் கந்தசுவாமி கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். நல்லூரானைக் கும்பிடுகிறவவுக்கு அந்தச் சந்நிதி மனதுக்கு நெருக்கமாக இருக்கும், வொண்டர்லாவுக்கும் கிட்ட. அடுத்த நாள் நீங்கள் பூங்காவில் நிற்கும்போது அம்மாவைச் சொந்தக்காரர் வீட்டில் விடலாம். வளசரவாக்கத்திலோ போரூரிலோ ஒரு உறவாவது இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் குறைவு, அவர்களை முதல் நாள் இரவே வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள். வெயிலில் நாள் முழுக்க அவவை ஒரு வாங்கில் இருத்தி வைப்பது பாவம்.

அவவுக்காக மூன்றாம் நாளை ஒதுக்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. மரைன் கிங்டம் இருக்கிறது, கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடக்க மீன்கள் தலைக்கு மேலே நீந்திப் போகும். குளிரூட்டிய இடம், இரண்டு மூன்று மணித்தியாலம் போதும், மூன்று தலைமுறையும் ஒன்றாகப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள வி.ஜி.பி. யூனிவர்சல் கிங்டமும், முட்டுக்காட்டில் உள்ள எம்ஜிஎம் டிசி வேர்ல்டும் பழைய பூங்காக்கள். வொண்டர்லாவுக்குப் போகிறவர்கள் ரைட்டுக்காக இவற்றில் இன்னொரு நாள் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் இடம்பெயர்ந்து சென்னையில் இருந்த காலத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச்சில், அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்க முயன்ற நினைவு உங்கள் கணவருக்கோ அம்மாவுக்கோ இருந்தால், ஒரு பின்னேரம் போய் வாருங்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு.

அக்கா சொன்னதையும் நான் தள்ளவில்லை. ஹன்வெல்ல லெஷர் வேர்ல்டும், பண்டாரகமவில் உள்ள பேர்ள் பேயும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நல்ல இடங்கள், பாஸ்போட்டும் வேண்டாம். ஆனால் 400 கிலோமீற்றர் பஸ்ஸில் போய் இறங்கும் மகன், இரண்டாம் மணித்தியாலத்தில் "இவ்வளவுதானா" என்று கேட்பான். வேறு அலுவலாகக் கொழும்பு போகும்போது ஒரு நாளைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு மட்டும்தான் இருக்கிறது என்றால் ஏ9 வீதியில் இயக்கச்சி றீச்சா பண்ணைக்குப் போனால் காணும்.

உடுப்பு விஷயத்தை மறக்க வேண்டாம். வொண்டர்லாவில் பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலோன் நீச்சல் உடுப்புத்தான். வாசலில் வாங்கினால் நான்கு பேருக்கும் நல்ல காசு போய்விடும். நீங்கள் உடம்பை மூடிய உடுப்பு விரும்பினால் நீளக் கை, நீளக் கால் வைத்த நைலோன் உடுப்பை யாழ்ப்பாணத்திலேயே தேடி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். வெளிச் சாப்பாடும் உள்ளே விடமாட்டார்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்கோ கணவருக்கோ பிரஷர், இதய வருத்தம், முதுகு வருத்தம் ஏதும் இருந்தால் தஞ்சோராவில் மகன் மட்டும் ஏறட்டும். வெளியே வரும் வழியில் நின்று அவனுடைய முகத்தைப் பாருங்கள்.