மருத்துவர் பதில்: ஓசை தாங்காத காதும் திடீரென அடைத்த காதும்

இடது காது ஐந்து நாட்களாக அடைத்தாற்போல் இருப்பதாகவும், அந்தப் பக்கத்தில் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்பதாகவும், பாத்திரம் விழும் ஓசை அந்தக் காதில் முன்னைவிடக் கூர்மையாகக் குத்துவதாகவும் ஆட்டிசத்தோடு வரும் ஓசைக் கூருணர்வைப் பற்றிய உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசிப் பத்தியில், மறந்துபோன ஒன்றைச் சேர்ப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான். இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். இங்கே அதை விரித்து எழுதுவது, உங்களைப் போலவே ஓசையால் துன்பப்படும் ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

குழந்தைப் பருவத்திலிருந்து இரு காதுகளிலும் இருந்துவரும் ஓசைக் கூருணர்வு ஒன்று. ஒரு காதில் மட்டும், சில நாட்களுக்குள், அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து வரும் மாற்றம் முற்றிலும் வேறொன்று. முன்னது ஆட்டிசத்தின் பகுதி. பின்னதற்கும் ஆட்டிசத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்காதின் நரம்புப் பகுதி திடீரெனச் செயல் குன்றும்போது பலர் அதைச் செவிடு என்று உணர்வதில்லை. சளி பிடித்து அடைத்திருக்கிறது, குளிக்கும்போது நீர் புகுந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். அதைவிடக் குழப்பம் தருவது, மெல்லிய ஒலிகளைத் தவறவிடும் அதே காது பெரிய ஒலிகளைத் தாங்க மாட்டாமல் போவதுதான். உள்காதின் உணர்செல்கள் பழுதுபட்டால், கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கத் தொடங்கும் அளவுக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடுகிறது. ஆகவே ‘எனக்கு ஓசை முன்னைவிட அதிகமாகத்தானே கேட்கிறது, பிறகு எப்படிக் காது மந்தமாகும்?’ என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வியே. ஆனால் அந்த அதிகமே மந்தத்தின் அடையாளமாக இருக்கக்கூடும்.

இத்தகைய திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. அதைத் தொடங்க வேண்டிய காலம் முதல் இரண்டு வாரங்கள். எத்தனை விரைவில் தொடங்குகிறோமோ அத்தனை நல்லது. ஒரு மாதம் கடந்து வருபவருக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. வெறும் காதுக் குறும்பியாகவோ சளியால் நடுக்காதில் தேங்கிய நீராகவோ இருந்தால் மருத்துவர் சில நிமிடங்களில் அதைக் கண்டு சொல்லிவிடுவார். அப்படி இருந்தால் நானும் மகிழ்வேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஒலி அறையில் எடுக்கப்படும் கேட்டல் சோதனையே அன்றி, வீட்டாரின் ஊகம் அல்ல. மொரீஷியஸில் அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. வாக்வா நகரில் காது மூக்கு தொண்டைக்கென்றே மருத்துவமனை இருக்கிறது. முகத்தின் ஒரு பாதி இழுத்துக்கொண்டாலோ, காது மடலில் கொப்புளங்கள் தோன்றினாலோ, தலை சுற்றி நிற்க முடியாமல் போனாலோ, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 26 வயதில் உங்களுக்கு ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டபின், உடம்பில் எது நேர்ந்தாலும் வீட்டிலும் சில மருத்துவ அறைகளிலும் ‘அது உன் ஆட்டிசம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வலியை மற்றவர்கள் சொல்லும் விதத்தில் சொல்லத் தெரியாதவர்களுக்கும் காது நோகும், பல் சொத்தையாகும், குடல் வீங்கும். வாய்பேசாத ஆட்டிசக் குழந்தை திடீரென ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டாலோ, தலையை ஒரே பக்கமாகச் சுவரில் முட்டிக்கொண்டாலோ, நடத்தையைத் திருத்த முனையும் முன் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் தட்டிக் கழித்தால், ‘இது புதிது, ஒரு பக்கம் மட்டும், இத்தனையாம் தேதி தொடங்கியது’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த மூன்று செய்திகளையும் எழுத்தில் கண்டபின் எந்த மருத்துவரும் சோதிக்காமல் அனுப்புவது கடினம்.

அந்தக் காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். இனி விட வேண்டாம். செவிப்பறையில் துளை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கும்; சூடாக இருந்தால் புண்ணாக்கும்; எதுவும் செய்யாவிட்டாலும் உள்ளே பார்க்க வேண்டிய மருத்துவரின் பார்வையை மறைக்கும். பஞ்சுக் குச்சியும் அவ்வாறே.

இனி, உங்கள் கடிதம் முழுவதும் நிறைந்திருக்கும் அச்சத்திற்கு வருகிறேன். இந்த ஓசைக் கூருணர்வு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் காதும் கெட்டு, மனமும் பேதலித்து, வீட்டை விட்டு வெளியே வர முடியாதவளாக ஆகிவிடுவேனோ என்று கேட்கிறீர்கள். ஆகமாட்டீர்கள். ஆட்டிசத்தோடு வரும் ஓசைக் கூருணர்வு செவிட்டில் முடியும் நோயன்று. மனநோயின் முன்னறிகுறியும் அன்று. 1943இல் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரையிலேயே தூசி உறிஞ்சும் இயந்திரத்திற்கும் முட்டை அடிக்கும் கருவிக்கும் கலங்கிப்போகும் குழந்தைகள் வருகிறார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, புலனுணர்வு கூடுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தை அறிய உதவும் அளவுகோல்களுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஆட்டிசம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் ஓசையைத் தாங்க முடியாத நிலையைக் கடக்கிறார்கள்.

பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. வந்த ஒலியை எவ்வளவு முக்கியமானதாக எடுத்துக்கொள்வது என்பதை மூளை முடிவு செய்யும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. மற்றவர்களின் மூளை மூன்றாவது முறை கேட்ட நாய்க்குரைப்பைப் புறந்தள்ளிவிடும். உங்களுடையது முப்பதாவது குரைப்பையும் முதல் குரைப்பைப்போலவே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அந்தப் படபடப்பு உண்மையான உடல் நிகழ்ச்சி. பிடிவாதமோ செல்லமோ அல்ல. ‘காதைப் பொத்தாதே, பழகிக்கொள்’ என்று உங்கள் தந்தையார் சொல்வதை அன்பின் பேரில் சொல்கிறார் என்று ஏற்கிறேன். மருத்துவத்தின் பேரில் ஏற்க முடியாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் நிறுத்தி ஓசையைத் திணிப்பதால் மூளை பழகுவதில்லை, அந்த இடத்தையும் சேர்த்து வெறுக்கக் கற்றுக்கொள்கிறது.

ஆண்டுதோறும் ஏறுவதாக உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணங்கள் கடிதத்திலேயே கிடக்கின்றன. எபென் நகரில் புதிய வேலையில் சேர்ந்து, நாற்பது பேர் ஒரே கூடத்தில் தொலைபேசியில் பேசும் இடத்தில் அமர்கிறீர்கள். இரவில் தெரு நாய்களால் தூக்கம் கெடுகிறது. பகலுணவைப் பெரும்பாலும் தவிர்க்கிறீர்கள். உறக்கமும் உணவும் குறைந்த உடம்பில் எவருக்கும் ஓசை கனக்கும், உங்களுக்கு இரட்டிப்பாகக் கனக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடுவதும் இவ்வகைதான், கவலை வேண்டாம். மிக்சி ஓடும்போது கண்ணீர் வருவது, யாரோ மெல்லும் ஓசையில் எரிச்சல் மூளுவது, நீங்களே கதவைச் சாத்தினால் ஒன்றும் செய்யாமல் பிறர் சாத்தினால் தூக்கிவாரிப்போடுவது, இவை எல்லாம் தொல்லைகளே ஒழிய ஆபத்துகள் அல்ல. தானே எழுப்பும் ஒலியை மூளை முன்னரே எதிர்பார்த்திருப்பதால் அது உறைப்பதில்லை. அதனாலேயே ‘மிக்சி போடப்போகிறேன்’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போடும் வழக்கத்தை வீட்டில் கொண்டுவந்தால், செலவில்லாமல் பாதித் துன்பம் குறையும்.

ஹெட்போன் பற்றி. விழித்திருக்கும் நேரம் முழுவதும், சில இரவுகளில் உறக்கத்திலும், காதை அடைத்தே வைத்திருக்கிறீர்கள். இதை மாற்ற வேண்டும். ஒலி குறைந்தால் மூளை, நிலையம் சரியாகப் பிடிக்காத வானொலியின் ஒலியளவைக் கூட்டுவதுபோலத் தன் உணர்வைக் கூட்டிக்கொள்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான செவியுள்ளவர்களே இரண்டு வாரங்கள் தொடர்ந்து காதடைப்பான் அணிந்தபின் ஓசைகளை முன்னைவிடப் பலமாக உணர்ந்தார்கள். மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கோ தாங்கும் திறன் கூடியது. இதைக் கேட்டுவிட்டு நாளையே ஹெட்போனை வீசிவிடாதீர்கள், வீட்டாரும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பேருந்து, சந்தை, அலுவலகக் கூடத்தின் நெருக்கடியான மணி நேரங்கள் ஆகியவற்றுக்கு அது உங்கள் உரிமையான கருவி. அமைதியான வீட்டில் கழற்றி வையுங்கள். முழு அமைதியைத் தேடாமல் மின்விசிறியோ மழையொலியோ மெல்ல ஓடட்டும். முதலில் பகலில் சிறிது நேரம், பிறகு நீட்டித்துக்கொண்டே போகலாம். அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் தொழில்வழி சிகிச்சையாளர் ஒருவர் துணையிருந்தால் இது எளிதாகும். ஓசையைவிட ஓசை வருமோ என்ற பதற்றமே உங்களை அதிகம் வாட்டுவதால், பதற்றத்திற்கான உளவியல் சிகிச்சையும் பயன் தரும்.

இணையத்தில் கண்ட, காதைப் ‘பயிற்றுவிக்கும்’ இசைப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அத்தகைய பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2011இல் மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் குழு வெளியிட்ட மதிப்பீடு, அவை பலனளிக்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. நரம்புக்கென்று விற்கும் மெக்னீசிய மாத்திரைகளும் வேண்டாம். ‘ஒவ்வொரு சத்தமும் ஒரு நரம்பைக் கொல்கிறது’ என்று நள்ளிரவில் படித்தீர்களே, அது பொய். சாதாரண வீட்டு ஓசை எந்த நரம்பையும் கொல்வதில்லை. 85 டெசிபெல் (ஒலியை அளக்கும் அலகு) அளவில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிற்கூடங்களுக்கான கணக்கு. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகும். மிக்சி சில நிமிடங்கள் ஓடுவது அதில் ஒரு பொருட்டே அல்ல. புத்தாண்டு இரவில் அருகில் வெடிக்கும் பட்டாசு பொருட்டுத்தான். அது 140 டெசிபெலைத் தாண்டக்கூடும், அன்று ஆட்டிசம் இல்லாதவர்களும் காதை மூடிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கலக்கியது, உங்கள் அத்தைக்கு எழுதித் தரப்பட்ட, பதற்றம் தணிக்கும் குளோனாசெபாம் மாத்திரையை ஆறு வாரமாக இரவுதோறும் அரையாக உடைத்து விழுங்கிவருகிறீர்கள் என்ற செய்தி. ஒருவருக்கு எழுதிய மாத்திரை, எவரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் உப்பல்ல. இந்த வகை மருந்துக்கு உடம்பு சில வாரங்களிலேயே பழகிவிடும். பழகியபின் மருந்து தவறினால் உறக்கம் கெடும், பதற்றம் மூளும், ஓசையும் ஒளியும் முன்பிருந்ததைவிடக் கூர்மையாகத் தாக்கும். எதைத் தணிக்க எடுத்தீர்களோ அதையே அது வளர்க்கும். ஆனால் இதைப் படித்த வேகத்தில் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, அவர் வகுக்கும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காதுக்காகச் செல்லும்போதே மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அலுவலகத்தில் கூடத்தின் ஓரத்தில் சுவரை ஒட்டிய இருக்கையும், நடுவில் எழுந்து சென்று அமைதியாக இருக்கச் சிறிது நேரமும் கேளுங்கள். கேட்பது சலுகையல்ல, 2008ஆம் ஆண்டின் சம வாய்ப்புச் சட்டம் உடல், மனக் குறைபாட்டின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தேவையான சான்றிதழை உங்கள் மருத்துவர் எழுதித் தருவார்.

தைப்பூசத்தன்று பால் செம்பு எடுக்க வேண்டும் என்று சிறு வயது முதல் ஆசைப்பட்டும், மேளத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் வீட்டிலேயே இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எடுங்கள். திறந்த வெளியில் ஒலி எழும் இடத்திலிருந்து தூரம் இரட்டிக்குந்தோறும் ஆறு டெசிபெல் அளவுக்கு ஓசை குறையும்; மேளத்திலிருந்து இரண்டு மீட்டரில் நடப்பவருக்கும் பதினாறு மீட்டரில் நடப்பவருக்கும் ஏறத்தாழ 18 டெசிபெல் வேறுபாடு, அது நல்ல காதடைப்பானுக்குச் சற்றே குறைந்த காப்பு. ஆகவே ஊர்வலத்தின் பின்வரிசையில், ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்கு எதிர்ப்பக்கத்தில் நடங்கள். காதடைப்பானை வீட்டிலேயே அணிந்து பழகிப் பாருங்கள். வழியில் ஒதுங்க வேண்டிய ஒன்றிரண்டு அமைதியான வீடுகளை உங்கள் அத்தை முன்கூட்டியே பேசி வைக்கட்டும். கோவிலுக்குள் நுழையும் நெருக்கடி நேரத்தைத் தவிர்த்து உங்களை விடியலிலேயே அனுமதிக்க முடியுமா என்று நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். விரதத்தில் உப்பையும் மீனையும் விடலாம், தண்ணீரையும் உறக்கத்தையும் விடக் கூடாது. இடது காதின் சோதனை முடிவு வந்து, அதைப் பார்த்த மருத்துவர் கூட்டத்திற்குப் போகலாம் என்று சொன்னபின் விரதத்தைத் தொடங்குங்கள்; அதற்கு முன் வேண்டாம்.