எம்.ஆர். தடுப்பூசி போடுவதும் போடாமல் விடுவதும் பெற்றோரின் விருப்பம்தானே?

உங்கள் மகனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் தடுக்கும் எம்.ஆர். ஊசிக்கு வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்ததாக வாட்ஸ்அப்பில் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. ரூபெல்லா கர்ப்பிணிகளுக்குத்தானே ஆபத்து, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்றும், எதாவது ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. ஊசி போட்ட பிறகு வலிப்பு வந்த ஒரு குழந்தையின் தாய். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் மகனுக்கும் ஒரு புதன்கிழமைதான் போட்டார்கள், வலது மேற்கையில். "காய்ச்சல் வந்தால் இந்த மருந்தைக் கொடுங்கள்" என்று நர்சம்மா ஒரு சிறிய புட்டியைக் கையில் கொடுத்தார். அன்று இரவு முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்று நாள் கழிந்ததும் புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

எட்டாம் நாள் மதியம் கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. தூளியில் கிடந்தவன் சத்தம் போடாமல் இருக்கிறானே என்று எட்டிப் பார்த்தேன். கண் மேலே செருகியிருந்தது. இரண்டு கைகளும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து அவன் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நான் வாயில் விரலை விடப் போனேன். அது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் இருந்திருக்கும், அதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் என் பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன்.

மருத்துவமனையில் காய்ச்சல் 103 டிகிரி காட்டியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?" என் கணவர், "அது போன வாரமே முடிந்துவிட்டது டாக்டர், எட்டு நாள் ஆகிறது" என்றார். "அதனால்தான் கேட்கிறேன்" என்றார் அவர்.

அன்றுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ஐந்து நோய்க்கான பென்டா ஊசியில் காய்ச்சல் அன்றிரவே வரும். எம்.ஆர். வேறு வகை. அதில் இருப்பவை உயிருள்ள, ஆனால் வலுவைக் குறைத்து வைத்த வைரஸ்கள். உடம்புக்குள் அவை மெல்லப் பெருகி, உடம்பு அவற்றை எதிர்க்கத் தொடங்க ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே காய்ச்சல் வருவதானால் ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். சில குழந்தைகளுக்கு அந்தச் சூட்டில் வலிப்பு வரும். இதோடு பொன்னுக்குவீங்கி மருந்தும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியில் இது 3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊசியே போடாவிட்டாலும் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஐந்து வயதுக்குள் ஏதோ ஒரு காய்ச்சலில் இப்படி ஒருமுறையாவது வலிப்பு வருகிறது. பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் மூளையைப் பாதிப்பதில்லை.

எங்களை உண்மையில் உடைத்தது வேறு. இந்த எட்டாம் நாள் கணக்கை யாரும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும், "அடுத்த புதனிலிருந்து ஐந்தாறு நாள் கவனமாக இருங்கள்" என்று. சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ. சொல்லாமல் விட்டதால்தான் நாங்கள் நம்பிக்கை இழந்தோம். "இரண்டாவது ஊசி என்ற பேச்சே கிடையாது" என்று கணவர் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

என் மாமியார் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. பல நாள் கழித்து, பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். நான்கு வயதில் அவனுக்கு மணல்வாரி, அதாவது தட்டம்மை, கண்டதாம். வாசலில் வேப்பிலை செருகி, தாய் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். தடிப்பெல்லாம் அடங்கி முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று. வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் மூச்சு இரைப்பு நிற்கவில்லை. மூன்றாம் தண்ணீருக்குள் போய்விட்டான். அத்தை சொன்னது அவ்வளவுதான், ஊசி போடு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டம்மையில் குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நிமோனியா என்று பிறகு படித்தபோது அந்த மூச்சு இரைப்புதான் நினைவுக்கு வந்தது.

அதுவரை நான் ஒரு தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டால் என்ன ஆகும் என்பது அந்தத் தட்டு. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை மறுதட்டில் வைக்கவே இல்லை. வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. ஊசியில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை 10 லட்சத்தில் ஏறக்குறைய ஒன்று, அதையும் அங்கேயே அரை மணி நேரம் உட்காரவைத்தால் சமாளித்துவிடலாம். தட்டம்மை நோயில் மூளை வீக்கம் 1,000 பேரில் ஒருவருக்கு. ஒரு நோயாளியிடமிருந்து, தடுப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்கு அது பரவும். வைரஸ் மூளையில் தங்கி, ஏழெட்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தையைச் சிறிது சிறிதாகக் கொல்லும் ஒரு வகையும் உண்டு. அதற்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. (எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்பதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.)

வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஊசிக்குப் பிறகு நடந்தது வேறு, ஊசியால் நடந்தது வேறு. இரண்டும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். எங்கள் தெருவில் அதோடு பாதிப் பேர் ஊசி போடப் போகவில்லை. தேசிய அளவிலான குழு அதை ஆராய்ந்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது. அதே ஆண்டில், நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட அந்த மருந்தால் மிக அரிதாக இரத்தக்கட்டு வருவது உண்மை என்றும் உறுதியானது. வயதானவர்களுக்குக் கொரோனாவே பெரிய ஆபத்து, இளைஞர்களுக்கு அப்படியில்லை என்று கணக்குப் பார்த்து, பிரிட்டனில் 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னார்கள். எடைபோடுவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இந்த வயதில், இந்த நோய்க்கு எதிராக, இந்த மருந்து என்று. மொத்தமாகத் தடுப்பூசியே நல்லது, தடுப்பூசியே கெட்டது என்று பேசுகிறவர்களால் எனக்கு எந்த உபயோகமும் இருந்ததில்லை.

ஊசியால் குழந்தைகள் இறந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. பசிபிக் கடலில் இருக்கும் சமோவா தீவில் 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாகத் தசையைச் செயலிழக்கவைக்கும் மருந்தில் கரைத்துவிட்டார்கள். அரசு ஊசித் திட்டத்தையே நிறுத்தியது. திரும்பத் தொடங்கியபோதும் பெற்றோர் வரவில்லை. அவர்களை எப்படிக் குறை சொல்வது? மறு ஆண்டு தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவைத்து, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். நம் ஊர் வேப்பிலை மாதிரி, வாசலுக்கு வாசல் சிவப்புத் துணி. அந்தப் படங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். முதல் இரண்டு குழந்தைகளும் பிழையால் இறந்தார்கள். அடுத்த 83 பேரும் அந்தப் பிழை விதைத்த பயத்தால் இறந்தார்கள்.

இனி உங்கள் தலைப்புக் கேள்வி. சட்டப்படி உங்களைக் கையைப் பிடித்து இழுத்து ஊசி போட முடியாது. கொரோனா ஊசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. ஒருவரின் உடல்மீது அவருக்குள்ள உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொது ஆரோக்கியத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும், பக்கவிளைவுகளை மக்களே பதிவுசெய்ய வழி வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அந்த உரிமை, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் பெரியவர்களுடையது. நம் விஷயத்தில் உடம்பு குழந்தையுடையது. அவன் சார்பில் நாம் முடிவெடுக்கிறோம். உரிமை என்ற சொல்லைவிடப் பொறுப்பு என்ற சொல்தான் இங்கே எனக்குப் பொருந்துகிறது.

ரூபெல்லா ஆண்பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்வியை நானும் கேட்டவள். உங்கள் மகனுக்கு ரூபெல்லா வந்தால் லேசான காய்ச்சல், சில தடிப்புகள், மூன்று நாளில் சரியாகிவிடும். பல குழந்தைகளுக்கு வந்ததே தெரியாது. தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஆபத்து, கருவுற்று முதல் மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணின் வயிற்றுக் குழந்தைக்கு. அந்தக் காலத்தில் தாய்க்குத் தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் பழுதாகும் வாய்ப்பு மிக மிக அதிகம். 1996இல் மதுரையிலிருந்து வந்த ஓர் ஆய்வில், கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு ரூபெல்லாதான் காரணம் என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டோம். பஸ்ஸில் உங்கள் மகனை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சும் பெண் அந்த மூன்று மாதத்துக்குள் இருக்கிறாளா என்று உங்களுக்கும் தெரியாது, சில சமயம் அவளுக்கே தெரியாது. அவளிடம் கேட்டு முடிவெடுக்க வழியில்லாததால், இதை என் சொந்த விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1986இலும் பிரிட்டனில் 1979இலும், தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சட்டமே செய்தார்கள். எல்லோருடைய நன்மைக்காகவும் போடும் ஊசியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு வந்தால் அந்தச் சுமையை அந்த வீடு மட்டும் சுமக்கக் கூடாது. இதை நாம் உரக்கக் கேட்க வேண்டும், ஊசி போட்டுக்கொண்டே கேட்க வேண்டும்.

இரண்டாவது ஊசிக்குப் பதினேழாம் மாதத்தில் போனோம். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தது என்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை, கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான் போடக் கூடாது என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் ஊசி 100க்கு 85 குழந்தைகளைத்தான் காக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். காலையில் முதல் ஆளாகப் போனேன். மருந்தை என் கண்முன்னால் திறக்கச் சொன்னேன். குப்பியின் மூடியில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும், சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். நர்சம்மா கோபப்படவில்லை, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கரைத்த நேரத்தைக் குப்பியில் பேனாவால் எழுதினார், நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. முன்பு வந்த வலிப்பையும் பதிவேட்டில் எழுதவைத்தேன். பிறகு அரை மணி நேரம் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஏழாம் நாளிலிருந்து தெர்மாமீட்டரும், அவன் எடைக்கு டாக்டர் எழுதித் தந்த அளவில் காய்ச்சல் மருந்தும் தலைமாட்டில் இருந்தன. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதை வீட்டில் எல்லோருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிவைத்தேன். எட்டாம் நாள் இரவு மாமியாரும் நானும் மாறி மாறி விழித்திருந்தோம். நெற்றி லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். விடியற்காலையில் எழுந்து பால் கேட்டு அழுதான்.

நீங்கள் புதன்கிழமை போட்டால், அடுத்த புதனிலிருந்து அதற்கடுத்த திங்கள் வரை காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவையுங்கள். போய்விட்டு வந்து எப்படி இருக்கிறான் என்று இங்கே எழுதுங்கள். அந்த வியாழக்கிழமை இரவு தூக்கம் வராவிட்டாலும் எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.