மேசைப் போர் விளையாட்டுக்கு ஃபோம் ஷீட்டில் கோட்டை கட்ட எங்கிருந்து தொடங்குவது? தெர்மோகோல் போதுமா?

28 மில்லிமீட்டர் பொம்மை வீரர்களை வைத்து முற்றுகை ஆடுவதற்கு ஒரு கோட்டை வேண்டும், வீட்டில் கிடக்கும் தெர்மோகோலிலேயே செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கொலுவுக்கு மலையும் கோயிலும் செய்து பழகிய கைக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்பது நாள் தாங்கினால் போதும் என்கிற வேலைக்கு அது சரி. விளையாட்டுக் கோட்டையை வாராவாரம் எடுப்பார்கள், வைப்பார்கள், ஆட்ட மும்முரத்தில் அதன் மேல் முழங்கையை ஊன்றுவார்கள். தெர்மோகோல் மணி மணியாக உதிரும். பேனாவால் கல் வரி கீறினால் கோடு விழாமல் பிய்ந்துகொண்டு வரும்.

வாங்க வேண்டியது எக்ஸ்பிஎஸ் பலகை. இரண்டும் பாலிஸ்டைரீன்தான். தெர்மோகோல் என்பது மணிகளை ஆவியில் உப்பவைத்து ஒட்டவைத்தது. எக்ஸ்பிஎஸ் உருக்கிப் பிழிந்து எடுத்தது. மணியே இல்லாததால் வெட்டிய இடம் வழவழவென்று இருக்கும். மொட்டை மாடியில் வெயில் இறங்காமலிருக்கப் பதிக்கிறார்களே, அந்தப் பலகைதான். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் வரும். கட்டுமானப் பொருள் விற்பவர்களிடம் 25, 50 மில்லிமீட்டர் கனத்தில் கேளுங்கள். மெல்லியதாக வேண்டுமென்றால் ஸ்டேஷனரி கடையில் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு வாங்கி, மேல் தாளை நனைத்து உரித்துவிடலாம். வெளிநாட்டுக் காணொளிகளில் ஃபோம் தட்டுகளை வெட்டிப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டுகளுக்குத் தடை இருப்பதால் அந்த வழியை மறந்துவிடுங்கள். சன்போர்டு என்கிற கெட்டியான பிவிசி ஷீட்டில் பேனா இறங்காது; தரைப்பலகைக்கு மட்டும் ஆகும்.

எந்தக் கோட்டை? கற்பனைக் கோட்டையில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. கற்பனை என்றதும் எல்லோரும் ஒரே சாம்பல் நிறப் பெட்டியைத்தான் கட்டுகிறார்கள். வேல்ஸின் வட கடலோரத்தில் உள்ள கான்வி கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுக்காக, ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்ற தலைமைக் கொத்தனாரின் மேற்பார்வையில் 1283க்கும் 1287க்கும் இடையில் எழுந்தது. எட்டு வட்டக் கோபுரங்கள், இடையில் மதில், இரு முனையிலும் வாயிலைக் காக்க ஒரு முன்னரண். அடியிலிருக்கும் பாறை போன போக்கில் சுவரும் போவதால், நீங்கள் வெட்டும்போது கோடு கொஞ்சம் கோணினாலும் தவறாகத் தெரியாது.

28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு 1:56, அதாவது நிஜ அளவில் 56இல் ஒரு பங்கு, என்று கணக்கு வைப்பது வழக்கம். கான்வியின் கோபுரங்கள் ஏறக்குறைய 20 மீட்டர். வகுத்தால் 36 சென்டிமீட்டர் வரும். அந்த உயரத்தில் எட்டை நிறுத்தினால் எதிரே ஆடுகிறவரின் முகம்கூடத் தெரியாது. தயங்காமல் பாதியாகக் குறையுங்கள். அங்கே மிச்சம் பிடித்ததை மதில் மேல் நடைபாதையில் செலவழியுங்கள். வீரரின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர் என்றால், கைப்பிடிச் சுவர் போக 35 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பக்கத்திலிருப்பவரைத் தள்ளாமல் ஒருவரை எடுத்து வைக்க முடியும். முற்றத்துக்குள் உங்கள் முழுக் கையும் இறங்க வேண்டும். அளவுப்படி செய்த அழகான கோட்டைகள் பல அலமாரியிலேயே தங்கிவிடுவதற்குக் காரணம் இந்த இடுக்குதான்.

கோபுரத்துக்கு 4 இஞ்ச் பிவிசி பைப் வாங்கித் துண்டு போடுங்கள். 5 மில்லிமீட்டர் ஷீட்டின் பின்பக்கம், நெட்டுக்குத்தாக, அரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். பாதி ஆழம்தான், மறுபக்கம் வரக்கூடாது. பிறகு பைப்பைச் சுற்றினால் முறியாமல் வளையும். கத்தி விஷயத்தில் சிக்கனம் கூடாது. நுனியை ஒடித்துப் புதிதாக்கும் கட்டர்தான் வேண்டும். புது அலகு சத்தமில்லாமல் போகும். அலகு மழுங்கிவிட்டால் ஷீட் கிறீச்சிடும், அப்போதே ஒடித்துவிடுங்கள். சூட்டுக் கம்பியால் வெட்டுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

கல் வரிகள்தான் பொறுமையைச் சோதிக்கும் என்று பயந்திருப்பீர்கள். இங்கேதான் கான்வி உங்களுக்கு உதவுகிறது. இன்று கருஞ்சாம்பலாக நிற்கும் அந்தச் சுவர்கள் கட்டிய காலத்தில் சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாக இருந்தன. அதன் தடயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே சுவரின் பெரும்பகுதியை வழவழப்பாக விட்டுவிட்டு, பூச்சு உதிர்ந்ததுபோல் அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும் கல் வரையலாம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். ஸ்கேல் வைத்துச் செங்கல் வரிசை போடாதீர்கள், அது ஒழுங்கில்லாத கல் கட்டு. ஒன்று 3 மில்லிமீட்டர், அடுத்தது 6, நடுவில் ஒரு பொடிக்கல். ஒன்றிரண்டு கற்களைப் பென்சிலின் பின்முனையால் உள்ளே அமுக்குங்கள். கடைசியில் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அந்தத் திட்டுகளின் மேல் உருட்டினால் கல்லுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். பூச்சுள்ள பகுதியில் உருண்டை படவே கூடாது.

கான்வியின் மதில் விளிம்பில் பல் வரிசைபோல் நிற்கும் மதில் பற்கள் ஒவ்வொன்றின் மேலும் மும்மூன்று கூர்முனைகள் உண்டு. அவற்றை ஃபோமில் செதுக்கினால் முதல் ஆட்டத்திலேயே ஒடியும். பல்குத்தும் குச்சியின் நுனியை வெட்டிச் செருகுங்கள்.

ஒட்டுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரப்பர் பசை, சூப்பர் குளூ, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றும் இந்த ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். ஃபெவிகால் கரைக்காது, ஆனால் இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே காற்றுப் படாததால் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மெல்லியதாகத் தடவி, குண்டூசியால் குத்தி, அப்படியே விட்டுவிடுங்கள். அவசரமென்றால் குறைந்த சூட்டில் குளூ கன். எல்லாவற்றையும் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகையில் ஒட்டிக் கனம் கொடுங்கள். இல்லையென்றால் மின்விசிறிக் காற்றுக்கே மதில் நகரும்.

வண்ணத்துக்கு முன் ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயின்ட்டும் சரிபாதி கலந்து முழுவதும் பூசினால் மேலே ஒரு தோல் போலப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையை அப்படியே அடிக்காமல் துளி மஞ்சள்மண் நிறம் சேர்க்கவும். திட்டுகளுக்குச் சாம்பல், காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஓடவிட்டு, உலர்ந்த பிரஷில் வெளிர்சாம்பலை மேலோடு தேய்த்தால் வேலை முடிந்தது.

எட்டுக் கோபுரத்தையும் கட்டி முடித்துவிட்டுத்தான் ஆடுவது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 1284இல் கான்வியின் காவல்படையே 30 பேர்தான், அதில் 15 பேர் குறுக்குவில்காரர்கள். அந்த அளவுக்குப் பொம்மைகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். 1401 புனித வெள்ளியன்று காவலர்களில் பெரும்பாலோர் தேவாலயத்தில் இருந்தபோது, ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் க்ளிண்டூரின் உறவினர்களான டியூடர் சகோதரர்கள், தச்சர்கள் என்று சொல்லி ஆட்களை உள்ளே நுழைத்துக் கோட்டையைப் பிடித்தார்கள். இதை ஆட ஒரு வாயில், இரண்டு கோபுரம், நடுவில் 30 சென்டிமீட்டர் மதில் போதும். கதவை மட்டும் ஒட்டிவிடாமல் திறந்து மூடும்படி செய்துகொள்ளுங்கள்.