டாரஸ் ஓட்டும்போது இடப்பக்கம் நுழையும் பைக்குகள்

தம்பி, சின்ன லாரியிலிருந்து, பல சக்கரங்கள் கொண்ட நீளமான டாரஸ் லாரிக்கு மாறியதிலிருந்து இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் பைக்குகள் உள்ளே நுழைகின்றன, ஓசூரில் ஒருவர் மயிரிழையில் தப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது.

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதற்காகப் பலரும் முதலிலேயே வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள். பின்னால் வருகிறவருக்கு அது வழி விடுவதாகத்தான் தெரியும், நுழைந்துவிடுவார். எனவே பைக் புகமுடியாதபடி இடது ஓரத்தை ஒட்டியே மெதுவாக வாருங்கள். கொஞ்சம் நேராக முன்னால் போய், அப்புறம் ஸ்டியரிங்கை ஒடியுங்கள். அகலம் வேண்டுமென்றால் எதிரே வண்டி இல்லாதபோது, திரும்பி நுழையும் சாலையில் எடுத்துக்கொள்ளலாம். இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். இடது கண்ணாடியைத் திரும்பும் முன் ஒருமுறை, பாதித் திருப்பத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள். இடது கதவை ஒட்டிக் கீழே நிற்கும் பைக் கண்ணாடியில் சிக்காமல் போகலாம். கிளீனரை ஜன்னல் வழியே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முன்னால் விட்ட இடைவெளியில் கார்கள் புகுகின்றன என்கிறீர்கள். புகட்டும், கோபப்படாமல் மறுபடி இடைவெளி விடுங்கள். சுமை வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது கார்காரருக்குத் தெரியாது.

கடைசியாக, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் மலைச்சாலை இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடச் சொன்னவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் லைனிங் சூடேறி, பாதி இறக்கத்திலேயே பிடிக்காமல் போய்விடும்.