கேனுலா மாற்றும் விதியை விட்டதும் ஃபிளெபைடிஸ் கூடிவிட்டதா?

வகுக்கும் எண்ணை மாற்றிப் பாருங்கள். கேனுலாவை (மருந்து ஏற்றக் கை ரத்தக்குழாயில் போடும் மெல்லிய குழாய்) 96 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவதை நிறுத்திய பின் வார்டில் ஃபிளெபைடிஸ் (அந்த ரத்தக்குழாயில் வரும் அழற்சி) கூடியது என்கிறீர்கள். அநேகமாக நூறு கேனுலாவுக்கு எத்தனை என்று கணக்கிட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் இப்போது அதிக நாள் கையில் இருக்கிறது. அந்த விகிதம் ஏறத்தான் செய்யும்.

போட்ட நாள், எடுத்த நாள் பார்த்துக் கேனுலா நாட்களைக் கூட்டி, 1000 நாளுக்கு எத்தனை என்று போடுங்கள். 2012இல் வெளியான கிளேர் ரிக்கார்ட் குழுவின் ஆஸ்திரேலிய (குயின்ஸ்லாந்து) ஆய்வில், 3283 நோயாளிகளில், கட்டாயம் மாற்றினாலும் தேவைப்படும்போது மட்டும் மாற்றினாலும் 7% பேருக்குத்தான் ஃபிளெபைடிஸ் வந்தது.

அப்படியும் கூடுதலாக வந்தால் சார்ட்டைப் புரட்டுங்கள். ஷிஃப்டுக்கு ஒருமுறை கேனுலா போட்ட இடத்தைப் பார்ப்பது விட்டுப்போயிருக்கும்: இரவுக் கட்டம் காலி, அல்லது மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் '0' (அழற்சி இல்லை). டிரெஸ்ஸிங் ஓரம் தூக்கியிருந்தாலும் கேனுலா அசைந்து ரத்தக்குழாயை உரசும்.

அவசரத்தில் சுத்தம் பேணாமல் போட்ட கேனுலாவுக்கு, கட்டாயம் மாற்ற வேண்டாம் என்பது பொருந்தாது. அதை 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.